சாட்சியில் இல்லாத பெயர்

கம்பம்
14.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். இப்படித் தொடங்கினால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். என்ன செய்ய, இதை எழுதாமல் எனக்குப் பேனா ஓடாது. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்பு தேறிவிட்டது. முடி மட்டும் இன்னும் கொட்டுகிறது. அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கடையில்தான் இருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. சேலைகளை மடித்து அடுக்க சந்தனம்மாள் ஒருத்தியால் முடியவில்லை.

அத்தான், ஞாயிறு ஆராதனையில் நான் பிழைத்ததைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து, "கர்த்தரும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் மாத்திரை" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்களே. ஸ்டீவன் கீபோர்டில் வைத்த கையை எடுத்துவிட்டான். நான் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். செத்துப் பிழைத்து வந்தவளை எல்லார் முன்னாலும் பொய்க்காரியாக்கிவிட்டீர்கள். அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். கட்டப்பனை என்ன டெல்லியா? மலை ஏறினால் வந்துவிடும் ஊர். ஒரு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை.

பாஸ்டர் ஐயாவும், "கிங்ஸ்லியை வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போகச் சொல்லும்மா" என்றுதான் சொன்னாக. வாருங்கள்.

பாசமுள்ள
மகிமா


கட்டப்பனை
20.7.2024

அன்பு மகிமாவுக்கு,

நான் நலம். இங்கே விடாத மழை. ஏலக்காயில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க வந்த சாம்பிள்கள் லேப் மேசை முழுக்கக் கிடக்கின்றன.

உன்னைப் பொய்க்காரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ சொன்னது என்ன? "மனுஷர் கை எட்டாத இடத்தில் கர்த்தருடைய கை எட்டியது." மகிமா, எட்டியது என் கை. ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்த பிறகு வந்த காய்ச்சல் ஆயிற்றே என்று, உன் உடம்பில் பூச்சி கடித்த அடையாளம் இருக்கிறதா எனத் தேடியவன் நான். முழங்காலுக்குப் பின்னால், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த புண். டாக்டரிடம் காட்டினேன். உண்ணிக் காய்ச்சல் என்று அவர் மாத்திரையை மாற்றினார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. உன் சாட்சியில் கர்த்தர் வந்தார், பாஸ்டர் வந்தார், உபவாசம் இருந்த அக்காமார் அத்தனை பேரும் வந்தார்கள். நான் மட்டும் வரவில்லை.

எனக்கு நம்பிக்கை எப்போது போனது என்று நீ கேட்டதே இல்லை. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோதும் இதே சபைதான் உபவாசம் இருந்தது. நானும் இருந்தேன். முழு மனதோடு நம்பினேன். அம்மா போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு யாரும் மைக்கைப் பிடித்து, "கேட்டோம், கிடைக்கவில்லை" என்று சொல்லவில்லை. கிடைத்தால் சாட்சி, கிடைக்காவிட்டால் கர்த்தருடைய சித்தம். நான் லேபில் நல்ல முடிவை மட்டும் எழுதி மற்றதைக் கிழித்துப் போட்டால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இங்கே ஜோதிகா என்று ஒருவர் என்னோடு வேலை பார்க்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னதுல என்ன தப்பு?" என்றார். என்னைப் புரிந்துகொள்ளவும் ஆள் இருக்கிறது.

கிங்ஸ்லி


கம்பம்
27.7.2024

அத்தானுக்கு,

கிருபையெல்லாம் இன்றைக்கு எழுதவில்லை. கோபமாக இருக்கிறேன்.

யார் அந்த ஜோதிகா? கல்யாணம் ஆனவரா? மத்தியானச் சாப்பாடு யார் கொண்டுவருகிறார்கள்? ஆளே இல்லை என்று நீங்கள் சொல்கிறவர்மேல் உங்களுக்கு இத்தனை பொறாமை. எனக்கு யார்மேல் பொறாமையோ அவர் நிஜமாகவே இருக்கிறார், தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். இரண்டில் எது நியாயமான பொறாமை என்று உங்கள் விஞ்ஞானத்திடமே கேட்டுச் சொல்லுங்கள்.

அத்தை விஷயத்தில் பாஸ்டர் சொல்லும் பதில் எனக்கும் போதவில்லை. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் கர்த்தரிடம் பேசாமல் என்னால் இருக்க முடியாது. அதற்கு அத்தாட்சி கேட்காதீர்கள்.

உங்கள் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். நான் சொல்ல நீங்கள் எங்கே மிச்சம் வைத்தீர்கள்? ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நான்தான் கண்டுபிடிச்சேன்." அப்பாவிடம், பால்காரரிடம், பக்கத்துப் படுக்கைக்காரியின் புருஷனிடம். போர்வையை விலக்கி, என் காலைத் தூக்கிப் புண்ணை வேறு காட்டினீர்கள். எழுந்து மூடிக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பு இல்லை. சாகக் கிடந்தது நான், ஜெயித்தது நீங்கள். கர்த்தர் ஒருநாளும் என் கட்டிலருகே வந்து, "உன்னைப் பிழைக்க வைத்தது நான்தான்" என்று சொல்லிக்காட்டியதில்லை. அதனால் அவருக்கு நன்றி சொல்வது எளிதாக இருந்தது.

மகிமா


கட்டப்பனை
8.8.2024

மகிமா,

போர்வை விஷயம் நீ எழுதும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. மன்னித்துக்கொள்.

ஜோதிகாவுக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். அந்த நாட்களில் ஜோதிகா வீட்டில் கவிச்சி சேர்க்காமல் சமைக்கிறார். இவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. "பொய்யாத் தோணலையா?" என்று கேட்டேன். "நான் என்ன சாமிக்கா சமைக்கிறேன்?" என்றார். உனக்கு எரியட்டும் என்றுதான் அவர் பெயரை எழுதினேன். எரிந்தது என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஆமாம், கர்த்தர்மேல் பொறாமைதான். கண் விழித்ததும் நீ பேசுவது அவரிடம். பயந்தால் கூப்பிடுவது அவரை. நான் பக்கத்தில்தானே படுத்திருக்கிறேன்? சண்டை போடவும் எதிரில் ஆள் இல்லை. இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

உன்னை அவமானப்படுத்தியதற்கு அதே மைக்கில் மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன். கர்த்தர்தான் குணமாக்கினார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. திரும்ப நம்ப முடிகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. இனி வராது என்றுதான் தோன்றுகிறது. இப்படிப்பட்டவனோடு உன்னால் இருக்க முடியுமா? யோசித்துச் சொல்.

கிங்ஸ்லி


கம்பம்
15.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். இத்தனை நாளாக உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது ஒன்று நடந்துவிட்டது.

சந்தனம்மாள் வேலைக்கு வரவில்லையே என்று சுருளிப்பட்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். காய்ச்சலில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். மந்திரித்துக் கையில் கயிறு கட்டியிருந்தார்கள். நானும் தலையில் கைவைத்து ஜெபித்தேன். வாய் ஜெபித்துக்கொண்டே இருக்க, அத்தான், இன்னொரு கை அவள் உடம்பில் புண்ணைத் தேடியது. அக்குளில் இருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பத்துக்கு வந்து டாக்டரிடம் காட்டினேன். பிழைத்துக்கொண்டாள்.

நேற்று மொட்டைத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கடைக்கு வந்தாள். சேலை எடுக்க வந்தவர்களிடமெல்லாம், "சுருளி வேலப்பருதான் ஆத்தா என் கண்ணைத் தொறந்தாரு. டாக்டர்மாரு என்னத்தைக் கண்டாக?" என்கிறாள். நான் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா? "ஏ சந்தனம், அந்தப் புண்ணைப் பார்த்தது யாரு?" என்று தொண்டைவரை வந்துவிட்டது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். பிறகு சரக்கு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னாலாவது விழுங்க முடிந்தது. நீங்கள் அத்தையின் சாவையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தது வேலப்பர் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. அப்படியானால் என் கண்ணைத் திறந்தது யார்? அந்தக் கேள்விக்குள் நான் இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது. போனாலும் நானாகத்தான் போவேன். நீங்கள் பிடித்து இழுக்கக் கூடாது.

நீங்கள் மனந்திரும்பாமல் வீட்டுக்கு வந்தால் என்னைப் பாடகர் குழுவில் பாடவிடக் கூடாது என்று சபையில் சிலர் பேசுகிறார்கள். பேசட்டும். பின் பெஞ்சில் உட்கார்ந்து பாடினாலும் என் குரல் கேட்கும்.

சனிக்கிழமை வாருங்கள். மறுநாள் காலை நான் சபைக்குப் போவேன். நீங்கள் வர வேண்டாம். ஆராதனை முடிந்து வந்து நான் தட்டும்போது கதவைத் திறக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இதை நான் கர்த்தரிடம் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

உங்கள்
மகிமா