ஆர்வி முதலில் எடுக்கட்டும்

புமாலா,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் கைசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், பூனை நலம், படகு இஞ்சினும் நலம். கடைசியில் சொன்னது நலமாவதற்குள் மற்றவர்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் அந்த டார்வின் வெயிலில் வாடிப்போகாமல் இருக்கிறீர்களா? கையில்லாத சட்டையோடு நீ அனுப்பிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். அந்த ஊர்ல இஞ்சினை எப்பக் கழற்றி உள்ள வைப்பாங்க என்று கேட்டார். அங்கே ஏரி உறையாது, கழற்றவே மாட்டார்கள் என்றேன். அப்ப இலையுதிர் காலம் பூரா என்னதான் பண்ணுவாங்க, பாவம் என்றார்.

ஆகஸ்டில் இதய ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும், காபிக் கெட்டிலைவிடக் கனமாக எதையும் தூக்கக் கூடாது. இஞ்சினோ ஒரு கன்றுக்குட்டி கனம். யாரையாவது கூப்பிட்டு முன்னாடியே கழற்றி வைத்துவிடலாம் என்று செப்டம்பரிலிருந்து நச்சரிக்கிறேன். அப்பாவிடம் ஒரே பதில்தான், ஆர்வி முதல்ல எடுக்கட்டும். அக்கரை ஆர்விக்கும் உங்கப்பாவுக்கும் உள்ள பைத்தியக்காரத்தனம் நீ பார்க்காததா! முதலில் படகைக் கரையேற்றுகிறவன் கிழவன், அடுத்த வசந்தம்வரை அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார்கள், கிழவா என்றுதான். போன வருஷம் ரெண்டு பேரும் பிடிவாதம் பிடித்து, கடைசியில் துடுப்பால் பனிக்கட்டியை உடைத்துப் படகை எடுத்தார்கள். இந்த வருஷமும் ஆளுக்கொரு பைனாகுலரோடு ஜன்னலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வேவு பார்த்தபடி இருந்தார்கள்.

எனக்குப் பயம் ஆர்வியைப் பற்றி இல்லை. நான் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து இந்த மனுஷன் தனியாகப் படகுத்துறைக்குப் போய் இஞ்சினைத் தூக்கி, அங்கேயே விழுந்து கிடப்பாரோ என்றுதான். அதனால் ஒரு காரியம் செய்தேன். இஞ்சினைப் படகின் பின்பலகையோடு பூட்டியிருக்கும் போல்ட்டுக்கு ஒரே ஒரு ஸ்பேனர்தானே சேரும், அதை எடுத்துக் கஞ்சி மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். அப்பா இரண்டு நாள் கொட்டகையைக் குடைந்தார். என்ன தேடுறீங்க என்றேன். ஒண்ணுமில்ல என்றார். நானும் ஒண்ணுமில்லாத முகத்தோடு வெங்காயம் உரித்தேன்.

போன புதன்கிழமை வானிலை அறிக்கையில் வார முடிவில் கடுங்குளிர் என்றான். இஞ்சினுக்குள் தண்ணீர் நின்று உறைந்தால் இரும்பே வெடித்துவிடும், அது எனக்கே தெரியும். இனி பொறுக்க முடியாது என்று, மீன் கொடுக்கும் சாக்கில் காரை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி ஆர்வி வீட்டுக்குப் போனேன். ஆர்வி, நீங்க முதல்ல எடுத்துடுங்க, என் தௌனோ உயிர் உங்க கையில இருக்கு என்று நேராகவே கேட்டேன். ஆர்வி காது வரை சிவந்துபோய் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிர்க்கா தாங்க முடியாமல், காட்டித் தொலைங்க என்று எழுந்து நீராவிக் குளியல் சவுனாவின் உடை மாற்றும் அறைக் கதவைத் திறந்தாள். அங்கே அவர்கள் இஞ்சின் குளித்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஜம்மென்று நிற்கிறது! இடுப்பு பிடித்துக்கொண்டதால் செப்டம்பரிலேயே மருமகனை விட்டுக் கழற்றிவிட்டாராம். அப்போ படகில் தொங்குவது என்ன என்றேன். வாளி, என்றாள் சிர்க்கா. இவரு ஒரு வாளியைக் கவுத்துக் கட்டி அதுக்கு மேல இஞ்சின் மூடிய மாட்டி வச்சிருக்காருடி, குளிராம இருக்க நான் போர்வை வேற சுத்திவிட்டேன்! நான் சிரித்த சிரிப்பில் கொண்டுபோன மீனை அவர்கள் வீட்டுப் பூனைக்கு விட்டுவிட்டேன். ஆர்வி மட்டும் சிரிக்கவில்லை. தௌனோகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, வாளிய வச்சு ஜெயிக்கப் பாத்தான்னு சாகற வரைக்கும் சொல்லுவான் என்றார். சொல்லமாட்டேன், ஆனா சனிக்கிழமை மத்தியானம் ஊரறிய நீங்க தோத்தாகணும் என்றேன்.

சொன்னபடியே நேற்று அக்கரையில் ஆர்வி கைச்சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றிப் படகை இழுத்துக் கரையேற்றினார். உங்கப்பா பைனாகுலரோடு எழுந்து குதித்தார் பார், டாக்டரம்மா பார்த்திருந்தால் மயங்கியிருப்பாள். கிழவன் ஆயிட்டான்டி, ஆர்வி கிழவன் ஆயிட்டான் என்று தொப்பியை மாட்டிக்கொண்டு துறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே. நல்லவேளை ஆர்வியும் சிர்க்காவும் காரில் வந்து சேர்ந்தார்கள். தோத்தவன் ஜெயிச்சவன் இஞ்சினைச் சுமக்கணும், அதான் முறை என்று ஆர்வி அப்போதே ஒரு புது முறையை உண்டாக்கினார். அப்படி ஒரு முறையே கிடையாது, ஆனால் உங்கப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வாடா கிழவா என்று பெஞ்சில் ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஸ்பேனர் இல்லையே! எப்படிச் சொல்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், ஹெல்வி, மாவு டப்பாவுல இருக்குற ஸ்பேனரை எடுத்துட்டு வா என்றார்.

மாவோடுதான் கொண்டுவந்தேன். இதை அப்படியே ரொட்டியா அடுப்புல வச்சுச் சுட்டு எடுத்திருக்கலாமே என்றார் ஆர்வி. இடுப்பு பிடித்தவரும் நெஞ்சு கிழித்தவரும் ஆளுக்கொரு விரல் வைக்க, இஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றியது நானும் சிர்க்காவும்தான். சவுனாத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் நிறுத்தி ஓட்டி, பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, இஞ்சின் இருமத் தொடங்கியபோது, உள்ளே துருப்பிடிக்காமலிருக்க அதன் மூச்சுத் துளையில் எண்ணெய் அடித்தோம். கிளம்பிய வெள்ளைப் புகையில் கொஞ்ச நேரம் யார் கிழவன் என்றே தெரியவில்லை. அடியில் கியர் எண்ணெய் பால் மாதிரி வராமல் சுத்தமாக வந்தது, தண்ணீர் புகவில்லை. பழசை வடித்துப் புதுசு ஊற்றி, மிச்சத் தண்ணீர் சொட்டி முடியும் வரை நேராக நிறுத்தி, கொட்டகையில் என் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினோம். அந்தத் தொட்டியில் இனி யாரும் குளிக்க முடியாது, அது வேறு விஷயம்.

அவர்கள் போன பிறகு, ஸ்பேனர் அங்கே இருப்பது எப்போது தெரியும் என்று கேட்டேன். நீ வச்ச வாரமே, கஞ்சி காய்ச்ச மாவு அள்ளுறப்ப கையில தட்டுச்சு என்றார். அப்புறம் ஏன் எடுக்கவில்லை என்றேன். காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அது அங்கயே இருக்கட்டும்னு தோணுச்சு என்றார். கைசா, இவருக்குப் பயம் என்ற ஒன்று இருப்பதே எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்து எவ்வளவு கோபப்பட்டிருக்கிறேன்! அடுக்களைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். துக்கத்தில் இல்லை.

அடுத்த முறை போனில் பேசும்போது இஞ்சினைத் தன்னந்தனியாகத் தூக்கி வைத்ததாகச் சொல்வார். அப்படியாப்பா என்று ஆச்சரியமாகக் கேள். வாளி விஷயம் மட்டும் வாயைத் திறந்துவிடாதே, ஆர்விக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள், இருவரும் சண்டையைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள், ஆண்டவன் உங்களைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். இதை எழுதும்போதுதான் அப்பா ஸ்பேனரைத் துடைத்து எடுத்துவந்தார். கொட்டகைக்குப் போகிறாரோ என்று பார்த்தேன். என்னிடம் எதுவும் கேட்காமல் மாவு டப்பாவைத் திறந்து, அவரே உள்ளே வைத்து மூடினார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஹெல்வி