ஒரு கரண்டி உறை

நிலா, தென்முனைப் பனிச்சுரங்க நிலையம்
மருத்துவர் செண்பகவல்லியின் பதிவு. யார் கைக்குக் கிடைக்கிறதோ அவருக்கு.

மார்ச் 4, காலை 8.10

தயிர்ச் சோதனை தொடங்கியது. சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஆறு பெண்களுக்கும் உடல் பருமன். இங்கே ஈர்ப்பு குறைவு. உடம்புக்கு உழைப்பில்லை, குடலும் மந்தம். மூன்று பேருக்கு நல்ல நுண்ணுயிர் சேர்த்த தயிர், மூன்று பேருக்குச் சாதாரணத் தயிர். பாக்கெட்டுகள் ஒரே மாதிரி இருக்கும். எது யாருக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி, சமையல்கூடத்தைக் கவனிக்கும் சபூராவுக்கு ஒரே சிரிப்பு. ஊதினால் பறந்துவிடும் டாக்டர் நம்மை இளைக்க வைக்கப் போகிறாராம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சொல்லட்டும், எனக்கென்ன.

இந்தச் சோதனையை நான் கேட்டு வாங்கியதே சிந்துஜாவுக்காக. என் மகள், கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்புகிறது. கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத மாட்டேன். இது பலித்தால் முதல் பாக்கெட் அவளுக்குத்தான்.

மார்ச் 29, காலை 8.00

ஆறு பேரும் இளைத்திருக்கிறார்கள். மலச்சிக்கல் இல்லை, உப்புசம் இல்லை. துளைப்பொறி ஓட்டும் பேச்சியம்மாளுக்குச் சீருடை தொளதொளவென்று தொங்குகிறது. எல்லாருக்கும் குஷி.

எனக்குத்தான் இடிக்கிறது. சாதாரணத் தயிர் சாப்பிட்ட மூவரும் எப்படி இளைத்தார்கள்?

பூமியிலிருந்து சரக்கு ஓடம் வந்து திரும்பியது. ஓட்டுநர் தங்கதுரையிடம் மகளுக்கு ஒரு பாக்கெட் கொடுத்துவிடக் கை துறுதுறுத்தது. சோதனை முடியும்வரை எதுவும் வெளியே போகக் கூடாது என்று விதி எழுதியவளே நான்தான். கொடுக்கவில்லை.

ஏப்ரல் 2, காலை 9.40

சபூராவை உள்தொடர்பில் கூப்பிட்டு விசாரித்தேன். பதில் இது:

"இதுல ஒளிக்க என்ன இருக்கு டாக்டரம்மா? ஒரு பாக்கெட்டு எந்த மூலைக்குக் காணும்? பேச்சிக்கா பாக்கெட்டுல இருந்து ஒரு கரண்டி எடுத்து, பால்பொடி கரைச்சு உறை ஊத்துனேன். கட்டியாத் தோஞ்சுது. மறுநாளைக்கு அதுல ஒரு கரண்டி. இப்ப ஆறு பேரும் அதத்தான் சாப்புடுதோம்."

பேச்சியம்மாளுக்கு நான் கொடுத்தது நுண்ணுயிர் சேர்த்த பாக்கெட். திட்டித் தீர்த்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. நம் பெண்கள் கையில் உயிருள்ள தயிரைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு உறை எடுத்து வைக்க மாட்டார்கள் என்று நம்பியவள் நான். என் படிப்பைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

சிரிப்பு நிலைக்கவில்லை. சூடு வேண்டுமென்று பாத்திரத்தை வெயில் படும் வெளிச்சுவரை ஒட்டி வைத்திருக்கிறாள். அங்கே கதிர்வீச்சுத் தடுப்பு மெல்லிசு. அந்த இடத்தில் உறைமேல் உறையாக நாலு வாரம் தோய்ந்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தேன். நான் கொண்டுவந்த நுண்ணுயிர் அதில் ஒன்றுகூட இல்லை. இருப்பது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று.

ஏப்ரல் 11, காலை 10.15

அவர்கள் வேறெதுவும் சாப்பிடுவதில்லை, தயிர் மட்டும்தான். பசியே இல்லையாம். கன்னம் ஒட்டிவிட்டது, கழுத்தெலும்பு தெரிகிறது. ஆனாலும் சுகமாக இருக்கிறது என்கிறார்கள்.

ஆறு பேர் வயிற்றிலும் ஒலிவாங்கி ஒட்டி, தனித்தனி அறையில் இருத்தினேன். ஆறு வயிறும் ஒரே நொடியில் இரைகின்றன. ஒரே நொடியில் அடங்குகின்றன. கருவிக் கோளாறு என்று மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். கோளாறு இல்லை.

பயமாக இருக்கிறது. தயிர்ப் பாத்திரத்தை மருந்தறையில் வைத்துப் பூட்டினேன். இனி யாருக்கும் கிடையாது.

ஏப்ரல் 13, பிற்பகல் 2.30

காலையில் பேச்சியம்மாள் தன் அறையிலிருந்து உள்தொடர்பில் பேசியது:

"டாக்டரம்மா, சோறு எறங்க மாட்டேங்குது. ஒரே ஒரு வாய் தயிர் தாங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். உள்ள கெடக்கது என்னையத் திங்குதும்மா."

பழக்கத்தை விடும் வேதனை என்று நினைத்தேன். ஊசி போட்டேன். நண்பகலில் இறந்துவிட்டாள்.

வயிற்றைத் திறந்து பார்த்தேன். குடல் இல்லை. அவள் சொன்னது நிஜம். தயிர் கிடைக்காமல், உள்ளே இருந்தது அவளைத் தின்றிருக்கிறது.

மற்ற ஐந்து பேரும் பூட்டை உடைத்தார்கள். நான் தடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு கரண்டி தின்றதும் வலி நின்று எழுந்து உட்கார்ந்தார்கள். நிறுத்தினால் சாவு. நிறுத்தாவிட்டால் ஆயுள் முழுக்க அதற்குத் தீனி போட வேண்டும். எனக்கு மாற்று தெரியவில்லை.

ஏப்ரல் 14, காலை 9.00

பூமிக்கு அனுப்பிய செய்தி:

"ஓடம் வர வேண்டாம். நிலையத்தை மூடுங்கள். இங்கிருந்து ஒரு துளி தயிர் வந்திருந்தாலும் தேடிப் பிடித்து எரியுங்கள். ஒரு பாத்திரம்கூட மிஞ்சக் கூடாது."

எதுவும் போகவில்லை. இருந்தாலும் சொல்லி வைப்பது என் கடமை.

காலை 10.20

பதில், தங்கதுரையின் குரலில்:

"டாக்டர், எரிக்கிறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடச் சொன்னாங்க. போன தடவ சபூராக்கா ஒரு டப்பா குடுத்துவிட்டாங்கல்லா? டாக்டரம்மா ரூல்ஸ் பாத்துட்டுக் குடுக்காது, பெத்த மனசு பாவம், அந்தப் புள்ள கையில சேத்திருன்னு சொன்னாங்க. கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல நானே நேர்ல போய்க் குடுத்தேன். அதையும் எடுத்து எரிக்கணுமா?"

சபூரா. என்ன காரியம் செய்தாய் சபூரா. நல்ல மனசு உனக்கு. நீ நாசமாய்ப் போக.

காலை 11.05

விடுதியோடு நேரடித் தொடர்பு கேட்டேன். கிடைத்தது.

"அம்மா! சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு இருந்தேன், அந்த அண்ணா ஒளறிட்டாரா? நல்லா எளைச்சுட்டேம்மா, பாத்தா உனக்கு அடையாளமே தெரியாது. உப்புசம் சுத்தமா இல்ல. எங்க வார்டன் கூட உறை வாங்கிட்டுப் போனாங்க. பசியே எடுக்க மாட்டேங்குதும்மா. ஹலோ? அழறியா? ஏம்மா?"

காலை 11.30

பூமிக்கு:

"முந்தைய செய்தியை ரத்து செய்கிறேன். தவறு என்னுடையது. பேச்சியம்மாள் மாரடைப்பில் இறந்தாள். தயிரில் எந்தக் கெடுதலும் இல்லை. எதையும் எரிக்க வேண்டாம். யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டாம்."

இதைப் படிக்கிறவரே, மேலே எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். எனக்குச் சித்தம் சரியில்லை. நம்பவே வேண்டாம்.

காலை 11.40

விடுதிக்கு:

"சிந்து, அம்மா அழலடி. கவனமாக் கேளு. ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தாலும் சாப்பிடணும். எப்பவும் ஒரு கரண்டி எடுத்து வச்சுக்கோ. யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லாம உறை குடு. தெரியாதவங்களுக்கும் குடு. ஒரு நாள் ஒன் பாத்திரம் கவுந்துட்டா, ஓடிப் போய் வாங்க நாலு வீடு வேணும்ல கண்ணு."