நான்கு பேர், இரண்டு இரவு

புரட்டாசி 5, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மேல்தொட்டி காலி. மோட்டார் போட்டு ஒரு மணி நேரமாகியும் குழாயில் காற்றுதான்.

நேற்று புரட்டாசியின் முதல் சனி. திருப்பதியில் ஒரே வளாகம், ஒரே அடுப்பு என்று சேர்ந்து வாழும் எங்கள் ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து, திருமலைக்கு என்று வந்து இறங்கிய சொந்தம்: 38 பேர். விருந்தினர் அறை இரண்டே. மீதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்தில், மாடிப்படியில். என் பூஜை அலமாரிக்குக் கீழேகூட ஒருவர், கால் நீட்டி. பெருமாளே.

பாய் 22 இருந்தது, இப்போது 19. பொது அடுப்பில் சாம்பார் இரண்டு முறை. முறைப்படி சமையல் வீடு 2, வீடு 7. வந்தவர்களில் ஒரு கத்தரிக்காய் நறுக்கக்கூட ஆள் இல்லை.

சுசீலா டீச்சர் (வீ.2) குளிக்கத் தண்ணீர் இல்லாமல், எட்டு மணி வரை விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. கோபப்படவில்லை. அதுதான் பயம்.

"கோமதி, நான் பெங்களூர் போயிடறேன், பொண்ணு வீட்டுக்கு. சேர்ந்து வாழலாம்னு வந்தேன். சத்திரத்துல வாழ வரல."

டீச்சர் போனால் வீ.5-ம் போகும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது ஏழானால் ஒரே அடுப்பு நிற்காது. நான்கு வருடப் பாடு. விடமாட்டேன்.

புரட்டாசி 6, திங்கள்

மாலை கூட்டம். நான் எழுதிக்கொண்டு போனது:

ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு நான்கு பேர், இரண்டு இரவு.
விருந்தாளியும் ஒரு வேளை சமையலுக்குக் கைகொடுக்க வேண்டும்.
அவரவர் தட்டு அவரவர் கழுவ வேண்டும். (நம் ஆண்கள் இதைப் பழகவே ஒரு வருடம்.)

முனிரத்தினம் (வீ.4, நகரியில் தறி வைத்திருந்தவர்): "அஞ்சாவது படிச்ச அக்கா சட்டசபை நடத்துது பாரு."

"பத்தாவது படிச்ச நீங்க எழுதியிருக்கலாமே" என்றேன். சிரிப்பு.

"திருப்பதில ஊடு கட்டிக்கினு சொந்தக்காரன வராதன்னா, பெருமாள் ஒத்துக்குவாராக்கா?"

"பெருமாளே வரிசைல நிக்கவச்சிதான் பாக்கறாரு."

கையெழுத்து ஒன்பது. கடைசியாக டீச்சர். பேனாவை மூடிவிட்டு, "பார்க்கலாம்" என்று மட்டும்.

புரட்டாசி 7, செவ்வாய்

உளுந்து களைந்துகொண்டிருந்தேன். சத்தியவேட்டிலிருந்து அண்ணன் போன். பேரனுக்கு மொட்டை. வெள்ளி விடியற்காலை வருகிறார்கள், சனி மலை, ஞாயிறு திரும்புவது. பதினாலு பேர்.

"வேன் பேசிட்டேன். புளியோதரை ஒன் கையால கிண்டி வையி."

வரட்டுமா என்று கேட்கவில்லை. தங்கை வீட்டுக்கு அண்ணன் கேட்டா வருவார்?

நைனா போன பிறகு என் இரண்டு பெண்கள் கல்யாணத்திலும் மாமன் முறை செய்து நின்றவர். இங்கே குடிவந்த அன்று பொது அடுப்புக்கு முதல் அரிசி மூட்டை அவர் தோளில்தான் வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். "உங்கண்ணன். உன் சட்டம்."

புரட்டாசி 8, புதன்

டீச்சரே வந்தார், பேச்சில் தெலுங்கு கலந்து. "உங்க அண்ணா கதா, கோமதி. இந்த ஒக்கசாரி பர்வாலேது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." இந்த ஒரு தடவைக்குப் பரவாயில்லையாம்.

முனிரத்தினமும்: "அடுத்த வாரத்துலேர்ந்து சட்டம் வச்சிக்கலாம்க்கா."

அதுதான் பொறி. இந்த வாரம் எனக்கு விட்டால், அடுத்த வாரம் அவருக்கு. டீச்சர் முகத்தைப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்லும்போதே மனதுக்குள் பெட்டி கட்டிவிட்ட முகம்.

விளக்கேற்றி, கோவிந்த நாமம் சொல்லி, போன் செய்தேன்.

"நாலு பேர் இங்க தங்கலாம்ணே. பத்து பேருக்கு அடுத்த தெரு சத்திரத்துல ரூம் சொல்லிட்டேன்."

"சத்திரமா? தங்கச்சி ஊட்டுக்கு வந்து சத்திரத்துல படுக்கணுமா நானு?"

"ஊடு என்து மட்டும் இல்லண்ணே. ஒம்போது பேருது."

"அப்ப எதுக்குடி என்ன அரிசி மூட்ட தூக்க வச்ச?"

போனை வைத்துவிட்டார்.

புரட்டாசி 10, வெள்ளி

தூறல். ஐந்தரைக்கு வேன். பதினாலு பேரும். அண்ணன் முன்சீட்டில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. நான் கேட்டில்.

கண்ணாடி இறங்கியது. என்னிடம் இல்லை, பின்னால் திரும்பி: "எறங்காதீங்க எவனும். இங்க தலைய எண்ணித்தான் உள்ள உடுவாங்களாம்."

அண்ணி கதவைத் திறந்தார். "எண்ணட்டும். நான் ஒண்ணு, மருமவ ரெண்டு, கொழந்த மூணு. மூணு மணிலேர்ந்து ஒக்காந்துக்கினு வரேன். பாத்ரூம் எங்க கீது, அத மொதல்ல சொல்லு கோமதி."

வேன் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் சிரிக்கவில்லை. நாலாவது இடம் காலியாகவே, வேன் சத்திரத்துக்குத் திரும்பியது.

அண்ணி நான் சொல்லாமலே பீன்ஸ் கூடையை இழுத்துக்கொண்டு டீச்சர் எதிரில். இருவருக்கும் முழங்கால் வலி. முடக்கத்தான் தோசை, தைலம், எல்லாம் பேசி முடிப்பதற்குள் கூடை காலி.

புரட்டாசி 11, சனி

மாவிளக்கு ஆயிற்று. நல்ல தரிசனமாம். அண்ணியை இறக்கிவிட வந்த வேனில் அண்ணனும். பேரனோடு அவருக்கும் மொட்டை, சந்தனம். இறங்கவில்லை.

டீச்சர் விந்தி விந்தி கேட் வரை போனார். "ரண்டி, ரண்டி. முதல்ல சாப்பாடு." பெரியவர் வாங்க என்று கூப்பிட்டதை மறுக்க முடியாமல் அண்ணன் வந்து உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. வாழைக்காய் வறுவல் இரண்டாம் தடவை வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டு, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அறுபத்திரண்டு வருடத்தில் அவர் தட்டை அவர் எடுத்ததில்லை. அம்மா, நான், பிறகு அண்ணி. என் கை தட்டுக்குப் போய்விட்டது. டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன், ஈரமே இல்லாத கையை.

"கொழா அந்தப் பக்கம், அண்ணே."

என்னைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு போனார். கழுவினார். அடிப்பக்கமும் தேய்த்தார். முனிரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கண்ணாலேயே அடக்கினேன்.

லட்டுப் பையை டீச்சர் கையில் கொடுத்தார். என்னிடம் "வரேன்" சொல்லவில்லை.

பூஜை அலமாரி முன்னால் கொஞ்சம் அழுதேன். பிறகு எல்லோருக்கும் அரிசி களைந்தேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

தொட்டி பாதிக்கு மேல் இருக்கிறது. இந்தத் தடவை இங்கே தங்கியவர் ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து 17. பாய் சரி. டீச்சர் வீட்டில் ஐந்து மணிக்கே விளக்கு. சமையல் முறைப் பட்டியலில் தன் பெயரை அவரே எழுதியிருக்கிறார், ஐப்பசி முடிய.

அண்ணி கிளம்பும்போது: "வழியெல்லாம் உம்முனுதான் வருவாரு ஒங்கண்ணன். வாயத் தொறந்தார்னா போன் பண்றேன்." இதுவரை போன் இல்லை.

மத்தியானம் வீ.3. தம்பி குடும்பம் அடுத்த சனி வருகிறதாம், ஆறு பேர். "ஆறுதானேக்கா, அதுல ரெண்டு பொடிசு."

'எங்க அண்ணனுக்கே...' என்று நாக்கு வரை வந்துவிட்டது. அவரை அப்படி எடுத்துக் காட்ட மனசில்லை.

நான்கு என்றேன்.