சுவரில் மூன்றாவது வரிசை

ஜனவரி 4, 1979. வியாழன். மார்கழி 20.

பனி. ரயில்வே கேட்டுக் கம்பம்கூடத் தெரியவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிக்காரன் ஹாரன் அடித்தே உயிரை எடுத்தான். அவர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, நனைந்த துண்டோடு வந்து டீ கேட்டார்.

பூசணிப்பூ இரண்டுதான். வசந்தாவுக்கு ஒன்று, கலாவுக்கு ஒன்று. சண்டை இல்லை, அப்பாடா. வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பூச் சொருகினார்கள். சாயங்காலம் அதே சாணியை வறட்டியாகத் தட்டி ரயில் பக்கச் சுவரில் அப்ப வேண்டும். மேல் வரிசை வ., கீழ் வரிசை க. ஒவ்வொன்றிலும் அவரவர் கைத்தடம். காணும் பொங்கலன்று வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, இந்த வறட்டியை எரித்துப் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். சிறுவீட்டுப் பொங்கல். என் அம்மா தெற்கேயிருந்து கொண்டுவந்த வழக்கம். எனக்கு இதுவும் பாடம்தான். பூவை எண்ணினால் கணக்கு, கோலம் போட்டால் டிராயிங்.

வ. பதினாலாம் வாய்ப்பாட்டில் தடுமாற்றம். க. வாயில் 'ழ' இன்னும் நுழையவில்லை.

பகல் பாசஞ்சர். பிள்ளைகள் வேலியோரம் நின்று கையாட்டினார்கள். தாடி டிரைவர் வழக்கம்போல விசில் அடித்தார். இன்று ஒரு பொட்டலமும் வீசினார். ரிப்பன். சிவப்பு, மஞ்சள், பச்சை. மூன்று எதற்கு? எனக்கும் சேர்த்தா? நல்ல கூத்து.

பெரம்பலூர்ப் பேச்சு மறுபடி. பொங்கல் முடிந்ததும் இரண்டு பேரையும் நாத்தனார் வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம்.

"இந்தப் பொட்டக் காட்டுல இன்னும் எத்தன நாளைக்கி நீயே டீச்சர் வேல பாப்ப?"

"ஒங்க அக்கா மவனவிட எம்புள்ளைங்க நல்லாத்தான் படிக்கிதுங்க."

அரியலூர் பள்ளிக்கூடத்துக்கு வ.வை ஒரு மாதம் அனுப்பிப் பார்த்தோம். அந்த லாரி ரோட்டில் தினமும் அரை உயிர் போய் வந்தது, எனக்கு. அதற்கப்புறம்தான் இந்த வீட்டுப் படிப்பு. பிள்ளைகளை அனுப்பிவிட்டு இந்தக் கேட்டில் நான் யாரோடு பேசுவது? தண்டவாளத்தோடா? விடவே மாட்டேன்.

ஜனவரி 6, சனி.

நல்ல வெயில். துணி காய்ந்தது.

வாங்க: வெல்லம், பச்சரிசி, மண்ணெண்ணெய், காவி, வ.வுக்குப் பென்சில்.

சுவரில் மூன்றாவது வரிசை. க.வின் வரிசைக்குக் கீழே, இன்னும் ஈரமாக. இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"யாரு தட்டுனது இது?"

"சத்தியமா நான் இல்லம்மா," வ. அழுதுவிட்டாள். க. சுவரைப் பார்த்துச் சிரித்தாள். வந்த கோபத்துக்கு ஒன்று வைத்திருப்பேன். அப்போதுதான் கவனித்தேன். அத்தனையும் இடது கை. பெருவிரல் மறுபக்கம். என் பிள்ளைகள் இருவரும் வலது கைக்காரிகள்.

இரண்டு பேரையும் இடது கையைத் தடத்தின் மேல் வைக்கச் சொன்னேன். வ. கை பெரிது. க. கை சின்னது.

பால் திரிந்துபோனது. அடுப்பில் வைத்ததே மறந்துவிட்டது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே மூட்டை கட்டச் சொல்வார்.

ஜனவரி 9, செவ்வாய்.

காற்று. குவாரித் தூசி. க.வுக்கு இருமல், கஷாயம் கொடுத்தேன், துப்பிவிட்டாள்.

கைவேலை: பனை ஓலையில் காற்றாடி. வ. மடித்தது பிரமாதமாகச் சுற்றுகிறது. க.வுடையது என் தயவில் சுற்றுகிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினார்கள்.

கீமேன் அந்தோணி வந்தார். தினமும் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறவர், ஏலாக்குறிச்சிக்காரர், வாய் ஓயாது. இன்று கிறிஸ்துமஸ் பலகாரத்தில் மிச்சம் என்று முறுக்கு கொண்டுவந்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"அந்த மூணாவது பாப்பா யாருங்க அக்கா? ஊர்லேர்ந்து வந்திருக்கா?"

"எந்தப் பாப்பா?"

"வேலியோரம் நிக்கிதே. ஒங்க புள்ளைங்க ரெண்டு பேருக்கும் காத்தாடி செஞ்சு குடுத்துட்டு அதுக்கு மட்டும் குடுக்கலியே. பாவம், கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிது."

சொந்தக்காரப் பிள்ளை என்று ஏதோ உளறினேன். அவர் போனதும் வேலிக்குப் போய்ப் பார்த்தேன். வ., க. மட்டும். முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து வைத்துவிட்டேன்.

க.வைத் தனியாகக் கேட்டேன். "அவ பேசமாட்டாம்மா. நாம படிக்கிறப்ப ஜன்னல்கிட்ட நிப்பா," என்கிறாள். பயமே இல்லை. மழை வரும்மா என்று சொல்வாளே, அந்த மாதிரி.

ஜனவரி 11, வியாழன்.

மூட்டம். அரிசி புடைத்தேன். ரேடியோவில் பாட்டரி போய்விட்டது.

க.வுக்குக் கணக்கு. "நம்ம வூட்டுல எத்தன பேரு, எழுது." 5 என்று போட்டாள். பேர் பேராகச் சொல்லச் சொன்னேன். அப்பா, அம்மா, அக்கா, நான். அப்புறம் ஜன்னலைக் காட்டினாள். வ. சட்டென்று அவள் கையைக் கீழே தட்டிவிட்டாள். ஆக, பெரியவளுக்கும் தெரியும். என்னிடம் மறைக்கிறாள். எதற்கென்றும் தெரியும். அவளுக்கும் பெரம்பலூர் போகப் பிடிக்கவில்லை.

பாடம் முடிந்து ஜன்னலைப் பார்த்தேன். வெளிப்பக்கக் கட்டையில் தூசி மாவு மாதிரி படிந்து கிடக்கும். அதில் இரண்டு முழங்கை ஊன்றிய தடம். துடைத்தேன். மத்தியானம் மறுபடி இருந்தது. எத்தனை நாளாக நின்று கேட்கிறதோ, கடவுளே.

ஜனவரி 13, சனி. போகி.

விடிகாலையில் பழைய பாய், துடைப்பம், கிழிசல் எல்லாம் வாசலில் எரித்தோம். அவர் தகர டப்பாவைத் தட்டினார், பிள்ளைகள் கூத்தாடினார்கள். அவர் கேட்டுக்குப் போனதும் கொத்துக்கரண்டியை எடுத்து மூன்றாவது வரிசையைச் சுரண்டி எடுத்தேன். மொத்தத்தையும் நெருப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. சாணி நாற்றம்தான், வேறொன்றும் இல்லை. சுரண்டின இடத்துக்கு வெள்ளையும் அடித்தாயிற்று.

க. அழுத அழுகை! "அவ பொங்கல் வைக்கிறதுக்கு வெச்சிருந்தா. எரிச்சிட்டியே. இனிமே அவ வரமாட்டா."

"வர வேணாம்," என்றேன்.

ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டினோம். கூரையில், மாட்டுக் கொட்டிலில், கேட்டுக் கம்பத்தில்கூட. வ. கட்டிய முடிச்சு எல்லாம் அவிழ்ந்துவிட்டது. நானே கட்டினேன்.

ஜனவரி 14, ஞாயிறு. பொங்கல்.

கிழக்கே பொங்கி வழிந்தது. வெல்லம் கொஞ்சம் தூக்கல். அவர் புது வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி, சொல்லவில்லை, சொன்னால் தலைக்கேறும். ஜன்னலில் தடம் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். நல்ல நாள்.

ஜனவரி 15, திங்கள். மாட்டுப் பொங்கல்.

மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குக் காவி. பிள்ளைகள் காகித மாலை செய்து போட்டார்கள், மாடு பாதியைத் தின்றுவிட்டது.

சாயங்காலம் மாடு வேலிக்கு வெளியே, லைன் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டது. யாராவது தாடையைச் சொறிந்துவிட்டால்தான் அப்படி நிற்கும். வ. என் பக்கத்தில். க. என் மடியில். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வராமல் லைன் ஓரத்தில் இருக்கிறது.

ஜனவரி 16, செவ்வாய். காணும் பொங்கல்.

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் சிறுவீடு. வ. மண் குழைத்துக் கட்டினாள். மூன்று அறை. ஏன்டி என்றால், "கலா அழுவுறாம்மா, அதான்." சரி, மண்தானே என்று விட்டேன். சின்னப் பானை, சின்ன அடுப்பு. குலவை போட்டார்கள். சாப்பிட்டோம். நான் பானை கழுவப் போனேன். பகல் பாசஞ்சருக்கு அவர் கேட்டை மூடிக் கொடியோடு நின்றார். வ. கொட்டிலில். க. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

விசில் வழக்கமான விசில் இல்லை. விடாமல் அலறியது. பிறகு பிரேக். ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது.

வளைவுக்கு இந்தப் பக்கம், ஆவாரம் புதருக்குப் பின்னால், லைன் நடுவில் க. உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இலை, இலையில் பொங்கல். அவளுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நீளம் இருக்கும். வாரி எடுத்தேன். "அவ பங்கு, குடுக்க வந்தேம்மா. வூட்டுக்குத்தான் வரமாட்டேங்கிறாளே." முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு நானே அழுதேன்.

தாடி டிரைவர் இறங்கி ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. க.வைப் பார்த்துவிட்டு இன்னும் பதறிப்போனார்.

"இந்தச் சின்னத நான் பாக்கவே இல்லம்மா! ஒங்க நடுப்பொண்ணு, அதுதான் வளைவுக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நடு லைன்ல நின்னுச்சு. அதுக்குத்தான் பிரேக் போட்டேன். அது எங்க? அடிபட்டுடலியே?"

எஞ்சினுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்க்கிறார். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஆளும் சேர்ந்து தேடுகிறான். ஜன்னல் தோறும் தலை.

"ஒண்ணும் ஆவல. அவ வூட்டுக்குப் போயிட்டா," என்றேன்.

மனுஷர் அப்படியே கல்லில் உட்கார்ந்து கும்பிட்டார்.

ஜனவரி 17, புதன்.

நேற்றே ரயில் கார்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். கேட் கீப்பர் பிள்ளை லைனில். மெமோ வரும், வேலைக்கே வேட்டு என்று இவர் சோறு தொடவில்லை.

"ஒரு வார்த்த பேசாத. ரெண்டும் பெரம்பலூருக்குத்தான்."

சரியென்று தலையாட்டினேன். மண்ணை வாரிப் போட்டது நான். சுவரில் ஒரு ஓரமாகத் தட்டிக்கொண்டு, ஜன்னலில் நின்று பாடம் கேட்டுக்கொண்டு இருந்ததை லைனுக்கு விரட்டியது நான். கலா பின்னாலேயே போனாள். விரட்டினபிறகும் அது எதற்குக் கையை விரித்து நின்றது?

ஜனவரி 18, வியாழன்.

பெட்டி: பாவாடை நாலு, சட்டை, சீப்பு, எண்ணெய், சிலேட்டு ஒன்று. இன்னொன்று விரிசல், இங்கேயே இருக்கட்டும். வ. எல்லாவற்றையும் தானே மடித்தாள். ஒரே நாளில் பெரிய மனுஷி.

ஜனவரி 19, வெள்ளி.

அரியலூரில் பஸ் கூட்டம், பெரம்பலூர் வரை நின்றபடி. நாத்தனார் வாசலுக்கே வந்து, "வாங்கடி என் தங்கங்களா," என்றார். நல்லவர்தான், நான்தான் இத்தனை நாள் கரித்துக் கொட்டினேன். வ. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பார்த்தால் அழுதுவிடுவாள். க. என் சேலையை விடவில்லை. காதில் சொன்னாள்: "அவள ஜன்னல்கிட்டயே நிக்க வெக்காதம்மா. கால் வலிக்கும்."

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. மடி காலி.

ஜனவரி 20, சனி.

பனி இல்லை. கோலம் போடவில்லை, யாருக்குப் போட? அவர் மெமோவுக்குப் பதில் எழுத ஸ்டேஷனுக்குப் போனார், கேட்டில் மாற்று ஆள்.

பகல் பாசஞ்சர். வளைவில் இப்போது மெதுவாகத்தான் வர வேண்டுமாம். நான் வேலியோரம் தனியாக நின்றேன், கால் தானாகப் போய்விட்டது. தாடி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"மத்த ரெண்டு பாப்பாவும் எங்கம்மா?"

"பெரம்பலூருக்குப் படிக்கப் போயிட்டாங்க."

"அப்ப இது மட்டும் ஒங்ககூடவா? நல்லது, நல்லது. தொணையா இருக்கும்."

கையாட்டினார். எனக்கு இல்லை. எனக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரத்துக்கு.

திரும்பிப் பார்க்கவில்லை. பயம் இருந்தது, இல்லை என்று பொய் எழுத மாட்டேன். வீட்டுக்கு நடந்தேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். பாய் விரித்தேன்.

"உள்ள வா. வந்து உக்காரு."

விரிசல் சிலேட்டில் 'அ' எழுதி வைத்துவிட்டு, அடுப்பில் பருப்பைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொரு 'அ'. சுழி கோணல், கோடு குட்டை.

அழித்துவிட்டு மறுபடி எழுது என்றேன்.