மணிக்கட்டில் வெளுத்த கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. அம்மா, தம்பி, நான் மூவரும் சுகம். நீங்கள் சுகமா என்று மட்டும் கேட்கப் போவதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சாப்பிடு, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. தினமும் பார்சல் அனுப்புகிறவள்தானே, அவற்றோடு இதுவும் ஒன்றாகப் போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கடல் தாண்டி நீங்கள் போனில் போட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. "ஆலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான் இருக்கப் போறேன். நான் சம்பாதிக்கிற வரைக்கும் என் பொண்ணு பழைய சாமான் விக்கக் கூடாது. சித்தப்பா பாத்து வெச்ச வேலையில நாளைக்கே போய்ச் சேரு" என்றீர்கள். நான் "ம்" என்றேன். அது சம்மதம் இல்லை, அப்பா. அழுகையை அடக்கினால் எனக்கு அந்தச் சத்தம்தான் வரும். நான் போய்ச் சேரவில்லை. சேரவும் மாட்டேன்.

அந்த வேலையைப் பற்றிச் சித்தப்பா உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். முதல் சில மாதங்கள் பயிற்சியாம், சம்பளம் கிடையாதாம். ஆனாலும் போய்ப் பார்த்தேன். மேசைகளில் பாதி காலி. இருந்தவர்களும் கணினியைப் பார்க்காமல் மேலாளர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலை பார்த்த அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து வேண்டாம் என்றேன். "நம்ம குடும்பத்துல முதல் டிகிரி நீ. பழைய இஸ்திரிப் பெட்டி விக்கவா படிச்ச?" என்று சித்தப்பா கேட்டார். "கதவைப் பாத்துக்கிட்டு உக்காரவும் படிக்கல சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது. அவர் தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அம்மா அதைத் தானே எடுத்துக் குடித்துவிட்டு, "ஆறுறதுக்குள்ள கெளம்பிட்டாரே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நம் முன்னறையில் இப்போது நடக்க இடமில்லை. வேலை போனவர்கள் சின்ன வீடுகளுக்கு மாறுகிறார்கள். சாமான்களை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்கிறார்கள். நான் போய் வாங்கி வருகிறேன். துடைத்து, தளர்ந்த திருகாணிகளை முறுக்கி, ஜன்னலோரம் வெள்ளைப் போர்வை விரித்து, வெயில் சாய்வதற்குள் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிடுவேன். கீறலோ விரிசலோ இருந்தால் அதுதான் முதல் படம். அப்புறம் யாரும் சண்டைக்கு வர முடியாது.

வாங்குகிறவர்கள் என்னை ஆண் என்று நினைத்து, "அண்ணே, கடைசி விலை சொல்லுங்க" என்று எழுதுகிறார்கள். நானும் திருத்துவதில்லை. நேர்முகத் தேர்வில் என் பேரையே சொல்லத் திணறுகிறவள், தட்டச்சு செய்யும்போது வேறு ஆளாகிவிடுகிறேன். ஒருவர் மேசை விசிறியை அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டு, "நல்லா சுத்துமா?" என்றும் கேட்டார். "சுத்தும். நீங்க சொன்ன விலையைக் கேட்டதுலதான் கொஞ்சம் நின்னுபோச்சு" என்று பதில் போட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே வந்து நான் சொன்ன விலைக்கே வாங்கிப் போனார். வீட்டு வாடகையும் தம்பியின் பள்ளிக் கட்டணமும் இதிலிருந்துதான் போகின்றன.

இனி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யாராவது சாமானைப் படம் எடுத்து அனுப்பினால், சாமானைவிட அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சுவரில் ஈரம் தெரிந்தால் அலமாரியின் அடி உப்பியிருக்கும். மூலையில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தால் அவசரம், விலை இறங்கும். விற்கிறவர்கள் சாமானைப் பளபளவென்று துடைத்து வைப்பார்கள். பின்னால் இருப்பதை மறந்துவிடுவார்கள்.

புதுச் சட்டை போட்டுச் சிரித்தபடி நீங்கள் அனுப்பிய படத்தையும் அப்படித்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை நாள், ஆனால் ஜன்னலில் உச்சி வெயில். ஆணியில் உங்கள் சீருடை மடிப்புக் கலையாமல் தொங்குகிறது. கட்டிலுக்கு அடியில் பூட்ஸ், அதன்மேல் யாருடைய காய்கறிப் பையோ. பக்கத்துக் கட்டில்களில் மெத்தையே இல்லை. அப்புறம் உங்கள் இடது கை. மணிக்கட்டில் வெளுத்த கோடு. அம்மா வாங்கித் தந்த கடிகாரம் இருந்த இடம் அது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டீர்களே.

நீங்களும் என் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள், அப்பா. முதலில் வந்தவன் கேட்ட விலைக்கே கொடுத்திருப்பீர்கள், அதுதான் எனக்குக் கோபம். விற்றதற்கு இல்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் படம் எது வந்தாலும் அடுத்த வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டுகிறவள், இதை யாருக்கும் காட்டவில்லை. இந்த மாதம் நீங்கள் அனுப்பிய பணத்தையும் தொடவில்லை. யாரிடம் கைநீட்டி வாங்கி அனுப்பினீர்களோ, அவரிடமே கொடுத்துவிடுங்கள். நாளைக்கே திருப்பி அனுப்புகிறேன்.

இல்லாத வேலைக்கு இன்னும் இரண்டு வருடம் காவல் இருக்க வேண்டாம். காலி மேசைகளுக்கு நடுவே நான், காலிக் கட்டில்களுக்கு நடுவே நீங்கள் என்று ஒரு வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க முடியாது.

மோட்டார் போன விசிறிகளை இத்தனை நாள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது வாங்கிப் போடுகிறேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றியே பழகிய கை உங்களுடையது. இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாள் என்று நினைக்காதீர்கள். எனக்கு நிஜமாகவே ஆள் வேண்டும். முதலாளி நான்தான் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இதனுடன் விமான டிக்கெட் வைத்திருக்கிறேன். என் சம்பாத்தியத்தில் வாங்கியது. ரத்து செய்தால் காசு திரும்ப வராத டிக்கெட். "யோசிச்சுக்கோம்மா, அப்புறம் மாத்தித் தர முடியாது" என்று டிக்கெட் போடுகிறவர் எச்சரித்தார். அப்படிப்பட்டதுதான் வேண்டும் என்றேன். அறையை விட்டு எழுந்தால் விளக்கை அணைக்காமல் போகாத மனிதர் நீங்கள். இதை வீணாக்க உங்களுக்கு மனம் வராது.

ஏன் திரும்பி வந்தீர்கள் என்று சித்தப்பாவோ தெருவில் வேறு யாரோ கேட்டால், நீங்கள் தலை குனிய வேண்டாம். பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு இப்போது பேச வருகிறது. யாருக்கும் எதுவும் வாங்கி வர வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். வந்தால் போதும்.

எப்போதும் உங்கள் சொல்லைக் கேட்டு, இந்த ஒருமுறை கேட்காத
உங்கள் மகள்