நின்று நின்று போன கம்ப்யூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு அமிர்தாவின் வணக்கம். ஆரணியில் மழை விட்டதா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஹாம்பர்க்கில் நான் நலம். பொழுது சாயும் முன் சாப்பிடும் நம் வழக்கத்துக்குத்தான் சோதனை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

ஆபீசில் என் கம்ப்யூட்டர் அடிக்கடி அசையாமல் நின்று, பாதி வரைந்த படமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. பாகங்களை மாற்றியும் சரியாகவில்லை. நான் லீவு போட்ட அன்று, கூட வேலை செய்யும் தெள்ளார்க்காரி சரண்யா அதில் உட்கார்ந்தாள். ஒருமுறைகூட நிற்கவில்லையாம். மேலாளருக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பயந்துபோனேன்.

மறுநாள் சரண்யா என் மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி, பொட்டிக்கு மூச்சு முட்டுற மாதிரி போத்தி வச்சிகினு கீறே!"

கம்ப்யூட்டர் பெட்டியின் சூட்டில் குளிர் காயலாமே என்று, நான் உட்காரும்போதெல்லாம் என் கம்பளியைக் காலோடு சேர்த்து அதன்மேலும் போர்த்திவிடுவேன். காற்று போக வழியில்லாமல் சூடேறித்தான் நின்றிருக்கிறது. கம்பளியை எடுத்ததும் ஒழுங்காக ஓடுகிறது. மேலாளரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

கெட்டியான காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள், கூடவே எள்ளுருண்டையும். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். நீங்களும் அம்மாவும் சண்டை போடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபடியே இதை எழுதினேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
அமிர்தா