லீலாவிடம் கொடுத்த சம்பளக் கணக்கு

மார்ச் 11, 2003

பட்டு நூல் முறுக்கும் ஆலையை நடத்திவிடலாம், தொழிலாளர்களின் பி.எஃப். கணக்கை எழுதித் தருவதுதான் பெரும்பாடு. லீலா வந்திருந்தாள். கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு முதலாளியிடமும் இதையேதான் சொல்கிறாள்.

"ஏன்டி ரேணுகா, இன்னும் பேப்பர்ல எழுதிகினு பேஜார் படற? எங்கிட்ட குடு. ஃப்ளாப்பில ஜல்தியா முடிச்சுடலாம்."

ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளை நம்பாமல் யாரை நம்புவது? பெயர், சம்பளம் எல்லாம் கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 22

பி.எஃப். ஆபீசில் லீலா முடித்துத் தந்த ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டார்கள். ஒரு திருத்தம் இல்லை!

மே 4

ஆலை முதலாளிகள் சங்கக் கூட்டம். எல்லோரும் கம்ப்யூட்டருக்கு மாறலாம் என்று எழுந்து பேசினேன்.

"நம்ம கணக்கை வெளில குடுத்தா வம்பு இல்லியாம்மா?" என்றார் தலைவர் தணிகாசலம்.

"லீலாவுக்கு நான் பொறுப்புங்க."

பலர் அங்கேயே சரி என்றார்கள்.

ஜூன் 17

கிருஷ்ணம்மாள் வேலைக்கு வரவில்லை. அருள்மணியும்.

ஜூன் 19

இன்னும் சிலர் போய்விட்டார்கள். எல்லாம் நல்ல வேலைக்காரர்கள். முள்ளிப்பட்டு வழியில் பன்னீர்செல்வம் புதிதாகத் திறந்த ஆலைக்குத்தான். கிருஷ்ணம்மாளை வழியில் நிறுத்திக் கேட்டேன்.

"உங்க ஆலையில யாருக்கு எவ்ளோ சம்பளம்னு அவரே சொன்னாருங்க. அதுக்கு மேல போட்டுத் தர்றாரு. நீங்க தந்திருந்தா நான் ஏம்மா போறேன்?"

அவனுக்கு எப்படித் தெரியும்? கணக்கு என்னிடம் இருக்கிறது. அதைவிட்டால் — வேண்டாம். அவளாக இருக்கக் கூடாது.

ஜூன் 20

அவள்தான்.

சென்டருக்குப் போய்க் கேட்டேன். லீலா மறுக்கவில்லை. அழுதாள். "சென்டர் இருக்கற கட்டடம் அவருதுடி. உங்க சம்பளக் கணக்கைத் தரலன்னா காலி பண்ணுன்னாரு. நான் எங்க போவேன்?"

எங்க போவியா? எங்கிட்ட வந்திருக்கலாம் இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? அத்தினி பேர் முன்னாடி உனக்காகப் பேசினேனேடி, பாவி —



ஜூலை 2

இருப்பவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தினேன். கிருஷ்ணம்மாள் சொன்னதில் தப்பில்லை. அவள் மேல் கோபம் போய்விட்டது. லீலா மேல் கோபம் போகவில்லை.

டிசம்பர் 8

ஆலைக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். வேலூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வருகிறேன். மறுபடி பேப்பருக்குப் போக மாட்டேன்.

ஏப்ரல் 18, 2004

சங்கக் கூட்டம். இந்த வருடக் கணக்கை நானே முடித்துக் கொடுத்துவிட்டேன். தணிகாசலம் எல்லோர் முன்பும் கேட்டார்: "இந்த வருஷமும் லீலா கிட்டயே குடுக்கலாமாம்மா?"

லீலா கடைசி வரிசையில் இருந்தாள். நடந்ததைச் சொன்னால் அவள் சென்டரை மூட வேண்டியதுதான். நாக்கு வரை வந்தது.

"கம்ப்யூட்டர்லயே குடுங்க. ஆனா யார் கையிலயும் குடுக்காதீங்க, அவங்கவங்க ஆலையிலயே செய்யுங்க. தெரியலன்னா நான் வந்து காட்டறேன்."

"ஏம்மா, எதனா நடந்துச்சா?"

"ஒண்ணுமில்லீங்க."

படியில் லீலா என் கையைப் பிடித்தாள். "சொல்லாம விட்டுட்டியேடி..."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "நேரமாச்சு, வரேங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. லீலாவிடம் 'ங்க' போட்டுப் பேசியிருக்கிறேன்.